முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம்

ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு கற்பிக்கிறேன். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், மாணவர்கள் கணினியைத் திறப்பதற்கு முன்பாகவே, பழைய இசைத்தட்டு உறைகள் சிலவற்றை அவர்களுடைய மேசைகளில் பரப்பிவைப்பது என் வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை ஃபோக்வேஸ் நிறுவனத்தின் உறைகள். மோசஸ் ஆஷும் மரியன் டிஸ்ட்லரும் 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தச் சிறிய நிறுவனம், 1986இல் ஆஷ் இறக்கும்வரை 2,000க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் 500க்கும் மேற்பட்டவற்றுக்கு உறை வடிவமைத்தவர் ரொனால்ட் கிளைன். சொரசொரப்பான கறுப்பு அட்டை, அதன்மேல் ஒட்டிய மினுமினுப்பில்லாத தாள், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ நிறங்கள், ஒரு படம், அளவோடு சில எழுத்துகள்: கையில் காசு குறைவாக இருந்த ஒரு பதிப்பகம் தன் எல்லைகளையே தன் முகமாக ஆக்கிக்கொண்ட விதத்தை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பல ஆண்டுகள் எனக்கும் அந்த இசைக்கும் இருந்த உறவு உறையோடு நின்றிருந்தது. உள்ளே என்ன ஒலிக்கிறது என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று கேட்டாள். எழுத்துருவைப் பற்றியும் வெற்றிடத்தைப் பற்றியும் அரை மணி நேரம் பேசியிருந்த என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அன்று மாலை நூலகத்தில் ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பின் குறுந்தகடுப் பெட்டியை எடுத்துவந்தேன். ஃபோக்வேஸ் 1952இல் வெளியிட்டதை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1997இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பெட்டி அது.

வடிவமைப்பாளர் ஒருவர் அந்தத் தொகுப்புக்குள் நுழைவதற்கு அதனுடன் வரும் கையேடுதான் வாசல். 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் வணிக நிறுவனங்கள் வெளியிட்ட 84 பதிவுகளை ஸ்மித் தேர்ந்தெடுத்து, கதைப்பாடல்கள், சமூக இசை, பாடல்கள் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொட்டை எழுத்தில் எண் இட்டு, பாட்டின் கதையைச் செய்தித்தாள் தலைப்பைப்போல ஒன்றிரண்டு வரிகளில் சுருக்கி, இடையிடையே பழைய விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டி, முப்பது வயதுகூட நிரம்பாத காலத்தில் அந்தக் கையேட்டைத் தானே உருவாக்கினார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை எங்குமே அவர் குறிக்கவில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ஒரு விலைப்பட்டியல், வெள்ளையர்களுக்கு வேறொரு பட்டியல் என்று பிரித்து விற்ற பதிவுகளை, ஒரே வரிசை எண்ணின்கீழ் கொண்டுவந்து நிறுத்திய பக்கத் திட்டம் அது. இதை இன்றும் ஒரு முழு வகுப்பு நேரம் பேசுகிறேன்.

இரண்டாம் பகுதியில், அலபாமா சேக்ரட் ஹார்ப் பாடகர்கள் 1928இல் அட்லாண்டாவில் பதிவுசெய்த இரண்டு பாட்டுகள் வருகின்றன. கருவிகள் எவையும் இல்லை. குரல்கள் மட்டும். முதல் சுற்றில் அவர்கள் பாடியது எந்த மொழிச் சொற்களாகவும் எனக்குக் கேட்கவில்லை. ஃபா, சோல், லா என்று ஏதோ ஓடியது. இரண்டாம் சுற்றில்தான் சொற்கள் வந்தன. சுரம் பாடிவிட்டுச் சாகித்தியத்துக்குப் போகும் பழக்கத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபட்டது. ஆனால் அந்த ஒலியின் முரட்டுத்தனம் புதியது. இனிமையாகப் பாட வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் முயன்றதாகத் தெரியவில்லை. நான்கு திசைகளிலிருந்தும் நான்கு சுவர்கள் நடந்து வருவதைப்போல இருந்தது. அந்தப் பாட்டை அன்றிரவு எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

பிறகு அந்தப் பாடல் நூலைத் தேடினேன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒயிட்டும் இலைஷா கிங்கும் தொகுத்து 1844இல் வெளிவந்த அந்த நூல், நான் வேலை பார்க்கும் இதே ஜார்ஜியாவில் உருவானது. அதன் பெயரும் சேக்ரட் ஹார்ப்தான், புனித யாழ் என்று பொருள். கையில் வந்தது 1991ஆம் ஆண்டுப் பதிப்பு: அகலம் மிகுந்து உயரம் குறைந்த புத்தகம், 500க்கும் மேற்பட்ட பாடல்கள், பெரும்பாலான பக்கங்களில் நான்கு குரல்களுக்கு நான்கு தனித்தனி ஐங்கோட்டு வரிசைகள். புத்தகத்தைத் திறந்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சுரங்களின் தலைகள் முட்டை வடிவில் இல்லை. முக்கோணங்களும் வட்டங்களும் சதுரங்களும் சாய்சதுரங்களும் கோடுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. வடிவமைப்பின் முதல் வாரத்தில் நான் கரும்பலகையில் வரையும் அதே அடிப்படை வடிவங்களை வைத்து, 200 ஆண்டுகளாக மனிதர்கள் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் என்னை அந்த இசையோடு கட்டிப்போட்டது இதுதான். முக்கோணம் என்றால் ஃபா, வட்டம் என்றால் சோல், சதுரம் என்றால் லா, சாய்சதுரம் என்றால் மீ. ஏழு சுரங்களுக்கு நான்கே பெயர்கள். மேஜர் எனப்படும் சுரவரிசையில் கீழிருந்து மேலே போனால் ஃபா, சோல், லா என்று தொடங்கி, மறுபடியும் ஃபா, சோல், லா என்று வந்து, மீ ஒரு முறை ஒலித்து, மேல் ஃபாவில் போய் நிற்கும். அரைச்சுர இடைவெளி இரண்டு இடங்களில் வரும். இரண்டும் ஃபாவுக்கு நேர்கீழே. ஆகவே முக்கோணத்துக்கு ஏறும்போது அடி சிறியது என்பதைப் பாடுகிறவர் கண்ணாலேயே கற்றுக்கொள்கிறார். இசைக் கோட்பாடு என்று எதையும் படிக்க வேண்டியதில்லை. சாய்சதுரம் என்பது திருப்பிவைத்த சதுரம்தானே, வேகத்தில் இரண்டும் குழம்பாதா என்று தொழில் பழக்கத்தில் நான் முதலில் ஐயப்பட்டேன். பாடிப் பார்த்த பிறகுதான் விடை தெரிந்தது: மீ ஓர் அடுக்கில் ஒரே முறை வருவது, பெரும்பாலும் ஃபாவை நோக்கி நகரும் வழியில் வருவது. அரிதாக வருவதற்கு அரிதான வடிவம். அது எந்த இடத்தில் வரும் என்பதைக் காது முன்கூட்டியே எதிர்பார்த்திருக்கும்.

இந்த நான்கு வடிவங்களை ஒயிட் கண்டுபிடிக்கவில்லை. வில்லியம் லிட்டிலும் வில்லியம் ஸ்மித்தும் பிலடெல்ஃபியாவில் 1801இல் வெளியிட்ட ஒரு பாடநூலில் அவை அச்சேறின. ஊர் ஊராகப் போய்ச் சில வாரங்கள் தங்கிப் பாடக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களின் காலம் அது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத உழவர்கள், குறுகிய நாட்களுக்குள், தாளைப் பார்த்து நான்கு குரலில் பாட வேண்டும் என்பது அந்த வடிவமைப்பின் முன்னிருந்த தேவை. ஏறக்குறைய அதே சமயத்தில், 1803இல், ஆண்ட்ரூ லா என்பவர் இன்னும் துணிச்சலான ஒரு முறையைக் கொண்டுவந்தார். வடிவமே சுரத்தின் பெயரைச் சொல்லிவிடும்போது ஐந்து கோடுகள் எதற்கு என்று கோடுகளையே எடுத்துவிட்டார். தாளில் பார்க்க அது மிகத் தூய்மையானது. வகுப்பில் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து எது நல்ல வடிவமைப்பு என்று கேட்டால், ஆண்ட்ரூ லாவின் பக்கத்துக்கே அதிகக் கைகள் உயரும். ஆனால் மக்களிடம் நிலைத்தது லிட்டிலும் ஸ்மித்தும் செய்த முறை. கோட்டின் உயரமும் தலையின் வடிவமும் ஒரே செய்தியை இருமுறை சொல்கின்றன. ஒன்று தப்பினால் மற்றொன்று தாங்கிப் பிடிக்கிறது. குறைப்பதே அழகு என்று இருபது ஆண்டுகள் கற்பித்தவன் நான். எந்த இடத்தில் குறைக்கக் கூடாது என்பதற்கு இந்தப் பக்கத்தைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

புத்தகத்தைப் படித்து மூன்று மாதங்கள் கழித்து, மேற்கு ஜார்ஜியாவில் ஒரு சிறிய மரத் தேவாலயத்தில் நடந்த சேக்ரட் ஹார்ப் ஆண்டுக் கூடுகைக்குப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம் என்பது என் எண்ணம். பின்வரிசை என்று ஒன்று அங்கே இல்லை. நீள இருக்கைகளைச் சதுரமாகப் போட்டு, நடுவில் வெற்றிடம் விட்டு, நான்கு பக்கங்களிலும் நான்கு குரல்காரர்கள் உள்முகமாக உட்கார்ந்திருந்தார்கள். டெனர் ஒரு பக்கம், அதற்கு எதிரே ஆல்ட்டோ, மற்ற இரு பக்கங்களில் உச்சக் குரலான ட்ரெபிளும் அடிக்குரலான பாஸும். யாரும் வெளியே இருப்பவர்களை நோக்கிப் பாடவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் ஒரு மூதாட்டி கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்து, பாஸ் வரிசையில் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். என் மதம் என்ன, நான் எந்த ஊர் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றுவரை யாரும் கேட்டதில்லை. பாடப்படும் வரிகளில் பல, ஐசக் வாட்ஸ் போன்ற 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் எழுதிய கிறிஸ்தவத் துதிகள். நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் இல்லை. ஆனாலும் மரணத்தை இவ்வளவு நேராகப் பார்த்துச் சொல்லும் வரிகளைப் பாடும்போது எனக்கு அன்னியமாக எதுவும் தோன்றியதில்லை.

அங்கே கூடிப் பாடுகிறவர்களுக்கு வகுப்பு என்றே பெயர். ஒருவர் நடுவில் வந்து நின்று ஒன்றோ இரண்டோ பாடல்களை நடத்துவதற்குப் பாடம் என்று பெயர். பழைய பாட்டுப் பள்ளிகளின் சொற்கள் அப்படியே நிலைத்துவிட்டன. பாடம் நடத்த வருகிறவர் பாட்டின் பெயரைச் சொல்வதில்லை, பக்க எண்ணைச் சொல்வார். ஒரே பக்கத்தில் இரண்டு பாட்டுகள் இருந்தால் மேல், கீழ் என்று சேர்த்துச் சொல்வார். உடனே ஒருவர் காதின் துணையால் மட்டும் சுருதியைக் கொடுப்பார். கருவி இல்லை, சுருதிக்குழல் இல்லை. எல்லாரும் முதலில் வடிவங்களைப் பாடுவார்கள், பிறகு சொற்களை. கை மேலும் கீழும் போய்த் தாளம் போடும். பாட்டு முடியும், கைதட்டல் இருக்காது, அடுத்த பெயரை அழைப்பார்கள். ஒரு நாளில் எண்பது, தொண்ணூறு பாட்டுகள் ஓடிவிடும். பத்து வயதுச் சிறுமி நடுவில் வந்து நின்று நூறு பேரை நடத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்காருவாள்.

அன்று மதியத்துக்கு மேல் அந்தப் பெரியவர் என் தோளைத் தட்டி, பாட வேண்டாம், நடுவில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வாருங்கள் என்றார். பாடம் நடத்தியவர் கை நீட்டி என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நான்கு குரல்களும் ஒன்றின்பின் ஒன்றாக நுழையும் வகைப் பாட்டு அது. முதலில் ஒரு பக்கத்திலிருந்து பாஸ் வந்தது, பிறகு முன்னாலிருந்து டெனர், பிறகு மற்ற இரண்டும். அந்தச் சதுரத்தின் நடுவில் நின்றால் மட்டுமே அந்த இசை முழுதாகக் கேட்கும் என்பது அந்த நிமிடத்தில் புரிந்தது. இருக்கைகளின் வரிசையும் புத்தகத்தின் பக்கமும் ஒரே வடிவமைப்பின் இரண்டு பகுதிகள்: தாளில் நான்கு வரிசைகள், அறையில் நான்கு பக்கங்கள்.

அதன்பின் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாவது போகத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு, நான் செய்யும் தொழிலை அறிந்த அவர்கள், கூடுகைக்கு ஓர் அறிவிப்புத் தாள் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். நாஷ்வில்லில் 1879இலிருந்து இயங்கிவரும் ஹேட்ச் ஷோ பிரிண்ட் அச்சகத்தின் சுவரொட்டிகளை மனத்தில் வைத்து, எங்கள் கல்லூரிப் பட்டறையில் இருந்த மர எழுத்துகளைக் கோத்து, சிவப்பிலும் கறுப்பிலும் அச்சடித்து, நடுவில் ஒரு யாழின் நிழலுருவம் வைத்து, கீழே அனுமதி இலவசம் என்று போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அச்சுக்கலை என்ற அளவில் அது நல்ல வேலை. அவர்கள் நெடுநேரம் அதைப் பார்த்தார்கள். பிறகு பெரியவர் மிக மென்மையாகச் சொன்னார்: இங்கே யாழ் வாசிக்க யாரும் இல்லை, நூலின் பெயரில் வரும் யாழ் என்பது மனிதக் குரல், அனுமதி இலவசம் என்று போட்டால் கேட்க வருவார்கள், எங்களுக்குப் பாட வருகிறவர்கள் வேண்டும்.

அந்தச் சுவரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்துவைத்து, என்ன தவறினேன் என்று எண்ணிப்பார்த்தேன். நான் ஒரு நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்திருந்தேன். மேடையும் பார்வையாளரும் இல்லாத இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். இரண்டாவது தாளில் இருந்தவை இவ்வளவே: மாதத்தின் எந்த ஞாயிறு, பாட்டு தொடங்கும் நேரம், எந்தச் சாலையில் எந்தத் திருப்பம், இரவல் புத்தகங்கள் கிடைக்கும், மதிய உணவுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவாருங்கள், பாடத் தெரியாதவர்களும் வரலாம். தலைப்புக்குப் பக்கத்தில் நான்கு வடிவங்களை மட்டும் வைத்தேன். கண்ணாடி போட்ட முதியவர்கள் கார் ஓட்டும் வழியில் ஒரு முறை பார்த்தால் படிக்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்றும் ஆண்டுதோறும் தேதியை மட்டும் மாற்றி அதையே அச்சடிக்கிறார்கள். நான் பெயர்போட்டுக் காட்சிக்கு வைத்த வேலைகள் எவற்றையும்விட அந்தத் தாளின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

கல்லூரியில் என் பாடத்திட்டமும் இதனால் மாறியது. இப்போது இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன்: இசை தெரியாத ஒருவர், தாளைப் பார்த்த ஒரு மணி நேரத்துக்குள் மற்றவர்களோடு சேர்ந்து பாடும்படி ஒரு குறியீட்டு முறையை உருவாக்குங்கள். திரையில் காட்டி மதிப்பெண் வாங்க முடியாது. வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று அதைப் பாடிப் பார்க்க வேண்டும். முதல் முயற்சிகளில் பெரும்பாலும் நிறங்கள் வரும். மங்கலான வெளிச்சத்திலும் நகலெடுத்த தாளிலும் நிறம் கைவிட்டுவிடுகிறது. பிறகு வடிவங்களுக்கு வருவார்கள். பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் வைப்பார்கள். பாடும் வேகத்தில் அவை ஒன்றோடொன்று கலங்கிவிடும். நான்குக்கு வந்து சேரும் குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள், பழைய புத்தகத்தை நான் இன்னும் அவர்களுக்குக் காட்டியிராத நிலையிலும்.

இந்த மரபைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. நான் போகும் கூடுகைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். தென்கிழக்கு அலபாமாவில் கறுப்பர்களும் தலைமுறைகளாக இதே நான்கு வடிவங்களில் பாடிவந்திருக்கிறார்கள். ஜட்ஜ் ஜாக்சன் என்பவர் ஓசார்க் நகரில் 1934இல் தம் மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தனி நூலாகவே வெளியிட்டார். பெரும் பொருளாதார நெருக்கடியின் நடுவில் வந்த நூல் அது. ஒரே குறியீடு, இரண்டு புத்தகங்கள், இரண்டு வகைத் தேவாலயங்கள். ஹாரி ஸ்மித் தம் கையேட்டில் எடுத்துவிட்ட கோடு நிலத்தில் அப்படியே இருந்தது. மாணவர்களுக்கு நான்கு வடிவங்களின் அழகைக் காட்டும் அதே நாளில் ஜாக்சனின் நூலையும் காட்டுகிறேன். அழகை மட்டும் காட்டினால் நான் பாதியைத்தான் கற்பித்தவனாவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னைக் கூடுகையின் செயலாளராக்கினார்கள். செயலாளரின் வேலை நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது. பாடம் நடத்தியவரின் பெயர், பக்க எண், அவ்வளவுதான். நன்றாக நடத்தினாரா, சுருதி தாழ்ந்ததா, நடுவில் தடுமாறியதா என்பதற்கெல்லாம் குறிப்பில் இடமில்லை. நாடெங்கும் நடக்கும் கூடுகைகளின் குறிப்புகள் ஆண்டுதோறும் தொகுத்து அச்சிடப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் பெயர்களும் எண்களும் மட்டுமே. முதலில் அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எழுத்து நெருக்கத்தையும் ஓர இடைவெளியையும் சீர்செய்ய என் கை துறுதுறுத்தது. இப்போது அவற்றைப் படிக்கிறேன். ஒருவர் ஒரே பக்க எண்ணை முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூன் மாதமும் நடத்தியிருப்பது தெரியும். ஒரு பெயர் ஒரு வருடம் விட்டுப்போவது தெரியும்.

என்னை நடுவில் நிற்கச் சொன்ன பாஸ் பெரியவர் போன குளிர்காலத்தில் காலமானார். ஒவ்வொரு கூடுகையிலும் மதிய உணவுக்கு முன்பு நினைவுப் பாடம் என்று ஒன்று உண்டு. அந்த ஆண்டில் இறந்த பாடகர்களின் பெயர்களையும், நோயில் கிடந்து வர இயலாதவர்களின் பெயர்களையும் வாசித்து, அவர்களுக்காகப் பாடுவார்கள். இம்முறை என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சற்று நேரத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இரவல் புத்தகத்தோடு வந்து அங்கே உட்கார்ந்தான். பெயர்கள் வாசிக்கப்பட்டபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். குறிப்பில் இறந்தவர்களை மாநிலவாரியாகப் பதிவுசெய்வது முறை. ஜார்ஜியா என்று எழுதி, அதன்கீழ் அவர் பெயரை எழுதினேன். மூன்று ஆண்டுகளாக அவர் பெயருக்கு எதிரே பக்க எண் எழுதிப் பழகிய கை, ஒரு கணம் அந்த இடத்தில் நின்றது. பிறகு அடுத்த பெயரை வாசித்தார்கள். ஒரு மணிக்குச் சாப்பிட்டு முடித்து எல்லாரும் சதுரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பையனுக்கு முக்கோணம் எது, சதுரம் எது என்று விரலால் காட்டினேன்; அதற்குள் பக்க எண்ணைச் சொல்லிவிட்டார்கள்.